அம்மா ரெப்போ, புள்ள ரெப்போ

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எதைப் பார்த்தாலும் ஒரு பட்டப்பெயர் வைத்தால்தான் மனசு ஆறும். ஆபீஸில் காபி மெஷினுக்கு ஒரு பெயர், எட்டாவது மாடி லிஃப்ட்டுக்கு ஒரு பெயர், செவ்வாய்க்கிழமை மீட்டிங்குக்கு வெளியில் சொல்ல முடியாத ஒரு பெயர். இந்த வாயால்தான் ஒருத்தியின் வேலை போயிற்று என்று சொன்னால் என் வீட்டுக்காரர் "சும்மா உளறாத" என்கிறார். நடந்ததைச் சொல்கிறேன். உளறலா இல்லையா என்று நீங்களே பாருங்கள்.

ஜெர்சி சிட்டியில், ஆற்றோரத்தில் இருக்கும் ஒரு வங்கியின் ஐ.டி. பிரிவில் பதினொரு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். கிரீன் கார்டு வந்துவிட்டதால் யாருக்கும் பெரிதாகப் பயப்படுவதில்லை. அவள் வேறொரு கம்பெனி மூலம் என் டீமுக்குக் கான்ட்ராக்டில் வந்தவள். திருச்சிக்காரி. என்னைவிட ஏழு வயது சின்னவள். முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட்டுவிட்டாள். எந்தப் பக்கம் வீடு என்று விசாரித்தால், ஜர்னல் ஸ்கொயரில் எங்கள் பில்டிங்கிலேயே மூன்றாவது மாடி! கணவர், இரண்டாவது படிக்கும் ஒரு மகள். கணவருக்கு அவளுடைய விசாவின் பேரில்தான் இங்கே இடம், வேலை பார்க்க அனுமதி கிடையாது. ஆக மூன்று பேரும் இந்த நாட்டில் இருந்தது அவளுடைய ஒரு வேலையை நம்பித்தான்.

அந்த வேலை என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் டீம் எழுதும் ப்ரோக்ராம் முழுவதும் ஒரு பெரிய ரெப்போவில் இருக்கிறது. கிட் என்கிற மென்பொருள் காவல் காக்கும் பெட்டகம் அது. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று ஒன்று விடாமல் குறித்து வைத்துக்கொள்ளும். மாற்றியதைப் பதிவு செய்வதற்குக் கமிட் என்று பெயர். பதிவு செய்ததை நம் லேப்டாப்பிலிருந்து ஆபீஸ் சர்வருக்கு அனுப்புவதற்குப் புஷ் என்று பெயர். புஷ் பண்ணும்வரை அது நம் லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கும். இதுவரை சுலபம். எங்கள் தலைவலி, அந்தப் பெரிய ரெப்போவுக்குள்ளே இன்னொரு சின்ன ரெப்போ. எந்த நாட்டில் எந்த நாள் விடுமுறை, அன்று முடிய வேண்டியதை எந்த நாளுக்குத் தள்ளுவது என்று முடிவு செய்கிற பகுதி அது. நான்கு டீமுக்கும் அது தேவை என்பதால் தனியாக வைத்து, ஒவ்வொரு டீமும் தன் ரெப்போவுக்குள் சொருகிக்கொண்டது. எந்தப் புண்ணியவான் செய்த ஏற்பாடோ! பார்ப்பதற்கு ஒன்றுக்குள் ஒன்று இருப்பது போலத் தெரியும். உண்மையில் பெரியதுக்குள் சின்னது இல்லவே இல்லை. சின்னதில் எந்தக் கமிட் வேண்டும் என்று நாற்பது எழுத்தில் ஒரு நம்பர் மட்டும் இருக்கும். விலாசம் எழுதின துண்டுச் சீட்டு மாதிரி. வீடு வேறு இடத்தில் இருக்கிறது.

இதை அவளுக்குச் சொன்ன அன்று என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "ரொம்ப யோசிக்காத. பெருசு அம்மா ரெப்போ, சின்னது புள்ள ரெப்போ. அம்மா இடுப்புல புள்ள. அவ்ளோதான்" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. எதிர் சீட்டுத் தெலுங்குக்காரர்கூட "அம்மா இன்னைக்கு பில்ட் ஆகல", அதாவது எல்லாம் சேர்ந்து ஓடும் ப்ரோக்ராமாக உருவாகவில்லை, என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்கு அதில் பெருமை வேறு.

முதல் நான்கு மாதம் அவள் பெரிய ரெப்போவில் மட்டும்தான் வேலை செய்தாள். அதன் பிறகு சின்னதில் ஒரு வேலை வந்தது. விடுமுறைப் பகுதி முழுவதையும் புதிதாக எழுத வேண்டும். பத்தொன்பது நாடுகள். மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினாள். நான் எட்டிப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே எழுதியிருந்தாள். முடிக்கிற சமயத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் திருச்சியிலிருந்து போன். அவளுடைய அப்பா ஐ.சி.யூ.வில்.

போவதா வேண்டாமா என்று அவள் யோசித்தது அப்பாவுக்காக இல்லை, பாஸ்போர்ட்டுக்காக. அதில் இருந்த விசா முத்திரை காலாவதியாகியிருந்தது. உள்ளே இருக்கும்வரை ஒன்றும் இல்லை. வெளியே கால் வைத்தால், சென்னையில் புது முத்திரை குத்திக்கொண்டுதான் திரும்ப வர முடியும். அதற்கு, "இவர் எங்களிடம் வேலை செய்கிறார், தொடர்ந்து தேவைப்படுகிறார்" என்று வங்கி தர வேண்டிய ஒரு கடிதம் வேண்டும். கிளையன்ட் லெட்டர் என்போம். அது இல்லாவிட்டால் அம்மா அங்கே, பிள்ளை இங்கே.

எங்கள் மேனேஜர் வெள்ளைக்காரப் பெண்மணி. கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் தோளைத் தொட்டு, "போய் அப்பாவைப் பார். உன் பகுதியை ஒப்படைத்துவிட்டுப் போ, திங்கட்கிழமை கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். அவளும் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டாள். வங்கி லேப்டாப்பை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று விதி. நான்காவது மாடி லேப்டாப் பிரிவில் கொடுத்துவிட்டு, கணவரையும் பாப்பாவையும் இங்கேயே விட்டு, நேராக நெவார்க் விமான நிலையத்துக்குக் கிளம்பினாள்.

டாக்ஸியில் போகும்போது நான் போன் செய்தேன்.

"புஷ் பண்ணியாச்சாம்மா?"

"ஆச்சுக்கா. நீங்க பாத்து அப்ரூவ் மட்டும் பண்ணிடுங்க."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ அப்பாவ பாரு. பாப்பாவ பத்தி கவலப்படாத, நான் இருக்கேன்ல."

"சரிக்கா" என்றாள். அழுதுகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

எதைப் புஷ் பண்ணினாய் என்று நான் கேட்கவில்லை. எதை என்று அவளும் சொல்லவில்லை. நம் பேச்சில் அப்படிக் கேட்கிற வழக்கமே கிடையாது. சாப்பிட்டாச்சா என்றால் ஆச்சு. குளிச்சாச்சா என்றால் ஆச்சு. எதை என்று யார் கேட்கிறார்கள்?

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி போனிலேயே அப்ரூவ் செய்தேன். பார்ப்பதற்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. பழைய நம்பர் போய்ப் புது நம்பர் வந்திருந்தது. வேறு ஒன்றும் தெரியாது. துண்டுச் சீட்டில் விலாசம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். போய் வீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவள் நான். அந்த வாரம் முழுவதும் வேறு ஏதோ கோளாறால் பில்ட் ஓடாமல் திரை சிவப்பாகவே இருந்தது, அதனால் எச்சரிக்கையையும் யாரும் மதிக்கவில்லை. கட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, இறங்கி, கறிகாய் வாங்கப் போனேன்.

திங்கட்கிழமை அந்தக் கோளாறைச் சரி செய்த பிறகும் பில்ட் ஓடவில்லை. புள்ள ரெப்போவில் அந்த நம்பர் இல்லை என்று வந்தது. நம்பரில் ஏதோ தப்பு என்று நினைத்து இன்னொரு முறை ஓட்டினேன். என் லேப்டாப்பில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக இறக்கிப் பார்த்தேன். சர்வரில் இருந்த ஒவ்வொரு கிளையாகத் தேடினேன். மற்ற மூன்று டீமிடமும் கேட்டேன். எங்கேயும் இல்லை.

திருச்சியில் அப்போது மாலை. அவள் ஐ.சி.யூ. வாசலில் நின்று பேசினாள்.

"என்னக்கா, லெட்டர் வந்துடுச்சா?"

"லெட்டர் இருக்கட்டும்மா. புள்ள ரெப்போக்குள்ள போய் தனியா புஷ் பண்ணியா?"

பின்னால் யாரோ மருந்துச் சீட்டுக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தனியாவா? அம்மாவ புஷ் பண்ணேன்க்கா. அம்மா போனா புள்ளயும் கூடவே போயிடும்னு நெனச்சேன். நீங்கதான சொன்னீங்க, இடுப்புலன்னு?"

அவள் குற்றமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சந்தேகம் கேட்டாள். தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே, பக்கத்து சீட்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. இடுப்பிலும் இல்லை, மடியிலும் இல்லை. பிள்ளையைத் தனியாக அனுப்ப வேண்டும், அதை முதலில் அனுப்ப வேண்டும். இந்த ஒரு விஷயத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொல்லியிருக்கிறேன், பாவி.

"ஒண்ணும் இல்ல, லேப்டாப்ல இருக்கும். நான் போய் எடுத்துடறேன்" என்றேன். நான்காவது மாடிக்குப் படியிலேயே இறங்கி ஓடினேன். அங்கே இருந்த பையன் நல்ல பையன். திரையைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை மாலையே அதைச் சுத்தமாக அழித்துப் புதிதாக ஆக்கி, இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். தன் மேலதிகாரியைக் கேட்டான். அவர் இன்னொருவரைக் கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை. பையன் மூன்று முறை ஸாரி சொன்னான். மூன்று வார உழைப்பு போயிற்று, மிஞ்சியது ஒரு நாற்பது எழுத்து நம்பர்.

மறுநாள் மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கடிதம் அவர் மேஜையில்தான் இருந்தது, கையெழுத்து இல்லாமல்.

"கிளம்புவதற்கு முன் உன்னிடம் அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

"ஷீ செட் இட்ஸ் டன்" என்றேன். சொன்ன அடுத்த விநாடி நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் சொன்னது ஆச்சு என்ற ஒரு வார்த்தை. அதில் இந்த "இட்" எங்கே இருக்கிறது? ஆங்கிலத்தில் வாயைத் திறந்ததும் அது தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. மேனேஜர் அதையேதான் பிடித்தார்.

"ஆக, அந்த வேலையை அனுப்பிவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் அனுப்பவில்லை."

"அப்படி இல்லை. எது என்று அவள் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் மொழியில் சொல்ல வேண்டியதில்லை" என்று தொடங்கி, என்னால் முடிந்தமட்டும் விளக்கினேன். அம்மா, புள்ள, இடுப்பு வரைக்கும் சொன்னேன். ஊர்த் திருவிழாவைப் பற்றிச் சொன்னால் இங்கே தலையாட்டுவார்களே, அப்படித் தலையாட்டினார். அப்ரூவ் செய்தது நான், தப்பு என்னுடையது என்றேன். "அது நடைமுறைக் குறை, சரி செய்துகொள்ளலாம்" என்றார். என் தப்புக்குப் பெயர் நடைமுறை. அவள் தப்புக்கு என்ன பெயர் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கடைசியாக அந்த நம்பரைக் காட்டினேன். "இதை யாரும் கற்பனையாக எழுத முடியாது. கமிட் செய்தால்தான் நம்பர் வரும். ஆக வேலை இருந்தது" என்றேன்.

"காலியாகக் கமிட் செய்தாலும் இப்படி ஒரு நம்பர் வரும், இல்லையா?" என்று மென்மையாகத்தான் கேட்டார்.

வரும். என்ன செய்ய, வரும். அந்தம்மா சொன்னது சரி.

புதன்கிழமை அவளுடைய அப்பா இறந்துவிட்டார். வேலைப் பேச்சை நான் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. நான் சொல்றேன், நீங்க டைப் பண்ணுங்க. வேலை இருந்துச்சுன்னு காட்டிட்டா போதும்ல?"

"இப்ப வேணாம்மா. வீட்ல ஆளுங்க இருப்பாங்க."

"இருக்காங்க. அழுதுட்டு இருக்காங்க. நான் சும்மா உக்காந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்க்கா."

ஒன்பது நாள். இங்கே காலையிலும், அங்கே சாயங்காலத்திலும். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பேசுகிற சத்தம் போனில் கேட்டுக்கொண்டே இருக்கும். நடுவில் அவள் சொல்லுவாள், "ஜப்பான்ல ரெண்டு லீவுக்கு நடுவுல ஒரு நாள் மாட்டிக்கிச்சுன்னா அதுவும் லீவுக்கா, அத விட்றாதீங்க." யாராவது வந்து கையைப் பிடித்துக்கொண்டால், "ஒரு நிமிஷம்க்கா" என்பாள். அவர்கள் போனதும் பிரேசிலுக்குப் போவோம்.

வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் பள்ளி விட்டதும் பாப்பா என் வீட்டுக்கு வந்துவிடுவாள். காலையில் அவள் அம்மா சொன்னதை நான் ஓட்டிப் பார்ப்பேன், அவள் எதிரில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதுவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். ஒரு நாள் பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"டிட் யூ ஃபைண்ட் இட், ஆன்ட்டி?"

"எதடா கண்ணா?"

"த திங் அம்மா லாஸ்ட்."

"அம்மா எதையும் தொலைக்கலடா."

"தென் ஹூ லாஸ்ட் இட்?"

தோசை வேணுமா என்று கேட்டேன். எழுந்துபோய்க் கல்லை அடுப்பில் வைத்தேன்.

ஒன்பதாம் நாள் எல்லாம் ஓடியது. பத்தொன்பது நாடும் சரியாக வந்தது. கமிட் செய்யும்போது எழுதியவர் பெயர் என்ற இடத்தில் அவள் பெயரைப் போட்டேன், கிட் அதற்கு இடம் கொடுக்கும். ஆனால் எங்கள் சர்வர் அதை வாங்கவில்லை. வெளிநாடு போனதால் அவளுடைய ஆபீஸ் ஐ.டி.யை நிறுத்தி வைத்திருந்தார்கள், நிறுத்தி வைக்கப்பட்டவர் பெயரில் எதுவும் உள்ளே வரக் கூடாதாம். ஐ.டி.யைத் திறக்கச் சொல்லி எழுதினேன். அவள் திரும்பி வந்த பிறகு திறக்கிறோம் என்று பதில் வந்தது. இரண்டு நாள் காத்திருந்துவிட்டு, வேறு வழியில்லாமல் என் பெயரில் அனுப்பினேன். இந்த முறை பிள்ளையை முதலில். குறிப்பில், முழு வேலையும் அவளுடையது என்று நான்கு வரி எழுதினேன். அந்தக் குறிப்பையெல்லாம் யார் படிக்கிறார்கள்!

அடுத்த மீட்டிங்கில் மேனேஜர் எல்லார் முன்னாலும் எனக்கு நன்றி சொன்னார். ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்பது நாளில் கட்டி எழுப்பிவிட்டேனாம் நான். எல்லாரும் கை தட்டினார்கள். "இது நான் எழுதியதில்லை. அவள் சொல்லச் சொல்ல டைப் செய்தேன்" என்றேன். "உனக்குப் பெரிய மனசு" என்றார். எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த காபியைக் கொட்டியிருப்பேன். கொட்டவில்லை. பதினொரு வருடப் பழக்கம், சிரித்துவிட்டேன்.

மீட்டிங் முடிந்ததும் பின்னாலேயே போய்க் கடிதத்தைக் கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. கான்ட்ராக்டைத் தொடர வேண்டாம் என்று போன வாரமே மேலே சொல்லியாகிவிட்டது, அவளை அனுப்பிய கம்பெனிக்கும் தகவல் போய்விட்டது, இனி தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். "நீ இவ்வளவு சீக்கிரம் முடிப்பாய் என்று எனக்குத் தெரியாது" என்றும் சொன்னார். அவருக்கும் வருத்தம்தான். வருத்தத்தை வைத்துக்கொண்டு தூதரகத்தில் என்ன செய்வது? நான் இரண்டு மெயில் எழுதினேன், அவருக்கு மேலே இருப்பவருக்கும் ஒன்று. பதில்கள் எல்லாம் மரியாதையாக வந்தன.

அவளுக்கு வேலை இல்லை என்றால் கணவருக்கும் பாப்பாவுக்கும் இங்கே இடமில்லை. அவர் ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்தார். சோபாவை நான்தான் ஒருவருக்குத் தள்ளிவிட்டேன். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர்கள் கிளம்புகிற நாள் காலையில் அவள் திருச்சியிலிருந்து கூப்பிட்டாள். நான் சமையலறையில் பாப்பாவுக்குச் சப்பாத்தி சுட்டுச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஜாக்கெட்டை மறக்காமல் போடச் சொல்லுங்கள், விமானத்தில் அவளுக்குக் குளிரும் என்றாள். சரி என்றேன். அவருடைய மாத்திரை கைப்பையில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். அதற்கும் சரி என்றேன். அதற்குப் பிறகும் அவள் போனை வைக்கவில்லை.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வேல போனா போகுது. நான் மேனேஜர்கிட்ட பொய் சொல்லிட்டு ஊருக்கு ஓடிட்டேன்னு ஆபீஸ்ல நெனைக்கறாங்களா?"

கல்லில் சப்பாத்தி கருகியது. அடுப்பை அணைத்தேன்.

"சேச்சே, யாரும் அப்படி நெனைக்கலம்மா. அங்க எல்லாருக்கும் உன்னத் தெரியும்" என்றேன்.

"அது போதும்க்கா" என்றாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."